மாணவர் இல்லத்துச் சஹனும் மன்னர் அனுப்பிய ரொட்டியும்

அரபிக் கல்லூரிகளில் இப்னு பதூதாவின் பயண நூலைப் பாடம் நடத்துவோர், மாணவர்கள் சோர்ந்துபோகும் பிற்பகல் வகுப்புக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளும் பகுதி ஒன்று உண்டு. ஹிஜ்ரி 753, கி.பி. 1352 ஆம் ஆண்டு. மாலிப் பேரரசின் தலைநகரில் நூலாசிரியர் தங்கியிருக்கிறார். மன்னர் மன்ஸா சுலைமானிடமிருந்து விருந்துப் பொருள் வருகிறது. அது முதலில் காழியின் இல்லத்திற்குச் சென்று, அங்கிருந்து இப்னுல் ஃபகீஹ் என்பாரின் இல்லத்திற்கு வருகிறது. அவர் வெறுங்காலுடன் விரைந்தோடி வந்து, எழுந்து நின்று பெற்றுக்கொள்ளுமாறு கூறுகிறார். பட்டாடைகளும் பொற்காசுகளும் வந்திருக்கும் என எண்ணி நம் பயணி எழுந்து நிற்கிறார். வந்திருந்தவை மூன்று வட்ட ரொட்டிகள், ‘கர்த்தி’ எண்ணெயில் பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, ஒரு சுரைக்குடுவையில் தயிர். அன்னார் சிரித்துவிடுகிறார். அற்பப் பொருளை இத்துணைப் பெரிதாகக் கொண்டாடும் இம்மக்களின் அறிவுக்குறைவை எண்ணி நெடுநேரம் வியந்ததாகவும் எழுதி வைக்கிறார்.

வகுப்பும் சிரிக்கும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நானும் உடன் சிரித்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் மட்டும் சிரிக்கவில்லை. “ஓதுகிற பிள்ளைகளுக்கு மஹல்லா வீடுகளிலிருந்து வருகிற சாப்பாடு மாதிரிதானே உஸ்தாத் அதுவும்? அதைப் பார்த்து ஆலிம் ஒருவர் ஏன் சிரித்தார்?” என்று கேட்டார். இலக்கணக் குறிப்பு ஒன்றைச் சொல்லி அன்று பாடத்தை நகர்த்திவிட்டேன். அன்று சொல்லத் தவறிய விடையே இக்கட்டுரை.

இப்னு பதூதாவின் நூலை வரலாற்று ஆவணமாகவும் நிலவியல் ஆவணமாகவும் பலர் ஆராய்ந்துள்ளனர். ஆப்பிரிக்க முஸ்லிம்களின் வீட்டுச் சமையலையும் பொதுப் பந்தியையும் நேரில் கண்டு, உண்டு, எழுதிய நூலாக அதை வாசிப்போர் குறைவு. அப்படி வாசிக்கும்போது அந்த நூலின் சிறப்பும் ஆசிரியரின் சறுக்கலும் ஒருங்கே புலப்படுகின்றன.

உணவைக் குறை கூறலாமா?

முதலில் அளவுகோலைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை என்றும், விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்றும் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இதைக் கொண்டு, உணவைப் பற்றிப் பேசவே கூடாது என்று முடிவு செய்வது பொருந்தாது. பொரித்த உடும்பு பரிமாறப்பட்டபோது நாயகம் அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது விலக்கப்பட்டதா என்று வினவப்பட்டது. விலக்கப்பட்டதன்று, தம் மக்களின் நிலத்தில் அது இல்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்று விடை பகர்ந்தார்கள். அதே சஹனிலிருந்து காலித் இப்னுல் வலீத் (ரலி) எடுத்து உண்டார்கள்.

இச்சம்பவத்தில் உணவு விமர்சனத்தின் முழு இலக்கணமும் அடங்கியுள்ளது. ஒவ்வாமை உண்பவரின் பழக்கத்தைச் சார்ந்தது என்று ஒப்புக்கொள்ளப்படுகிறது. உணவின்மீதோ அதை உண்ணும் மக்களின்மீதோ பழி விழவில்லை. அருகிலிருப்பவர் உண்ணவும் தடையில்லை. இதனோடு இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓர் ஆட்டுக்காலுக்காக அழைக்கப்பட்டாலும் அவ்வழைப்பை ஏற்பேன் என்று நாயகம் அவர்கள் கூறியுள்ளார்கள். அண்டை வீட்டார் தரும் ஆட்டுக் குளம்பையும் இழிவாகக் கருத வேண்டாம் என்று பெண்களுக்கு அறிவுறுத்தியுள்ளார்கள். மாலிக்கீ மத்ஹபைச் சார்ந்த ஃபகீஹும் டில்லியிலும் மாலத்தீவிலும் காழியாகப் பணியாற்றியவருமான இப்னு பதூதா இவற்றை அறியாதவராக இருந்திருக்க இயலாது. ஆகவே அன்னாரை அன்னாரின் கல்வியைக் கொண்டே அளப்பது அநீதியாகாது.

மொகதிஷுவின் மாணவர் இல்லம்

மாலிப் பயணத்திற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், 1331 வாக்கில், இளைஞரான இப்னு பதூதா கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் மொகதிஷுவை அடைகிறார். கப்பல் நங்கூரமிட்டதும் சிறு படகுகள் அதை நோக்கி வருகின்றன. அவற்றில் நகரத்து இளைஞர்கள். ஒவ்வொருவர் கையிலும் மூடிய தட்டில் உணவு. ஒரு வணிகரை அணுகி அத்தட்டை நீட்டி, இவர் என் விருந்தாளி என்று அறிவிக்கிறார்கள். அதன் பின் அவ்வணிகர் அந்த இளைஞரின் இல்லத்தில்தான் தங்க வேண்டும். அவருடைய கொள்வனவும் விற்பனையும் அந்த இல்லத்தின் வழியாகவே நடக்கும். விருந்தோடு வாணிகமும் பிணைந்திருந்தது என்பதை நூலாசிரியர் மறைக்கவில்லை. ஆனாலும் வந்தவரின் பெயரைக் கேட்பதற்கு முன் அவர்முன் உணவை வைக்கும் அந்த ஒழுங்கு நம் உள்ளத்தைத் தொடுகிறது.

இப்னு பதூதா வணிகர் அல்லர், மார்க்கம் கற்றவர். எனவே அவரை வரவேற்கக் காழியே கரைக்கு வருகிறார். தம் மாணவர்களுடன் வந்த அக்காழி எகிப்தைப் பூர்விகமாகக் கொண்டவர். கற்றோர் வந்தால் முதலில் சுல்தானைக் காண வேண்டும் என்பது அவ்வூர் வழக்கம். அரண்மனை வாயிலில் வெற்றிலையும் பாக்கும் வைத்த தட்டு வருகிறது. பயணிக்குப் பத்து வெற்றிலையும் சிறிது பாக்கும், காழிக்கும் அதே அளவு, எஞ்சியவை உடன் வந்த மாணவர்களுக்கு. பின்னர் திமிஷ்கின் பன்னீர் தெளிக்கப்படுகிறது. தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களின் திருமண வாயிலில் நிற்பதுபோன்ற உணர்வு இவ்விடத்தில் நமக்கு உண்டாவதில் வியப்பில்லை. ஒரே கடலின் இரு கரைகள் அல்லவா?

தங்குவதற்கு அவருக்கு அளிக்கப்பட்ட இடம் ‘தாருத் தலபா’. மார்க்க மாணவர்களை உபசரிப்பதற்கென்றே அமைக்கப்பட்ட பொது இல்லம் அது. விருந்தினரைக் கவனிக்கும் பொறுப்பிலுள்ள அமைச்சர் உணவுடன் வருகிறார், சுல்தானின் சலாமைச் சொல்கிறார், உணவு வைக்கப்படுகிறது. நெய்யில் சமைத்த சோறு பெரிய மரத் தட்டில் குவிக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் ‘கூஷான்’ எனப்படும் தொடுகறி வகைகள்: கோழி, இறைச்சி, மீன், காய்கறி. காய் வாழையைப் பாலில் வேகவைத்து ஒரு கிண்ணத்தில் வைக்கிறார்கள். இன்னொன்றில் தயிர், அதன்மேல் எலுமிச்சை ஊறுகாய், உப்பும் காடியும் இட்டு ஊறவைத்த மிளகுக் கொத்து, பச்சை இஞ்சி, மாங்காய். மாம்பழத்தை மஃரிப் நாட்டு வாசகருக்கு விளக்கும்போது ஆப்பிளைப் போன்றது, ஆனால் உள்ளே கொட்டை உண்டு, பழுத்தால் மிகுந்த இனிப்பு, காயானால் எலுமிச்சையின் புளிப்பு என்று எழுதுகிறார். ஒரு கவளம் சோறு உண்டபின் இந்த ஊறுகாய்களில் ஒன்றைச் சிறிது கடித்துக்கொள்வதே உண்ணும் முறை என்பதையும் குறிக்கிறார்.

இது தேர்ந்த கண்ணின் எழுத்து. பண்டங்களின் பட்டியலோடு நில்லாமல் எது எதன்மேல் வைக்கப்பட்டது, எதற்குப் பின் எது உண்ணப்பட்டது என்னும் வரிசையையும் தருகிறது. மொகதிஷுவாசி ஒருவர் நம்மில் ஒரு கூட்டம் உண்ணும் அளவை உண்பார், அவர்கள் மிகப் பருத்த உடலினர் என்ற கேலியும் இப்பகுதியில் உண்டுதான். ஆயினும் அது உடனமர்ந்து உண்டவரின் கேலி. மூன்று நாட்கள், நாளுக்கு மூன்று வேளை அந்த உணவு வந்தது. நான்காம் நாளான வெள்ளியன்று புத்தாடை வந்தது. அவ்வூரார் கால்சட்டை அறியாதவர்கள். அதற்குப் பதிலாக இடுப்பில் கட்டிக்கொள்ளும் பட்டுத் துணி ஒன்று தரப்பட்டது. அதையும் அவர் நகைக்கவில்லை. கட்டிக்கொண்டு ஜுமுஆவுக்குச் சென்றார்.

அங்கிருந்து தெற்கே கில்வா சென்றபோது, அந்நகர சுல்தான் ஏழை எளியோருடன் அமர்ந்து உண்பவர், மார்க்கக் கல்வியுடையோரைப் போற்றுபவர் என்று புகழ்ந்து எழுதுகிறார். ஆக, ஒரே தட்டைச் சூழ்ந்து அமர்வதன் மாண்பை அறிந்தவராகவே இளைய இப்னு பதூதா நமக்குக் காட்சியளிக்கிறார்.

அரைச் சுரைக்குடுவையில் வந்த விருந்து

இனி மேற்கு ஆப்பிரிக்கா. 1352 இல் சஹாரா பாலைவனத்தைக் கடந்து, மாலிப் பேரரசின் எல்லை நகரான வலாத்தாவை (அன்னார் எழுத்தில் ஈவலாத்தன்) அடைகிறார். அங்குள்ள ஆளுநர் வெள்ளை நிற வணிகர்களுடன் மொழிபெயர்ப்பாளர் மூலமே பேசியதைக் கண்டு மனம் கசக்கிறது. பின்னர் அந்நகர அதிகாரி ஒருவர் வணிகக் கூட்டத்தாரை விருந்துக்கு அழைக்கிறார். முதலில் மறுத்து, உடன் வந்தோரின் வற்புறுத்தலால் செல்கிறார். வந்தது இடித்த தானியம். அதில் சிறிது தேனும் தயிரும் கலந்து, இரண்டாகப் பிளந்து கிண்ணமாக்கிய சுரைக்குடுவையில் தந்தார்கள். இதற்காகவா அந்தக் கறுப்பர் நம்மை அழைத்தார் என்று கேட்கிறார். ஆம், இவர்களிடம் இதுவே பெருவிருந்து என்று உடன் வந்தோர் கூறுகின்றனர். இம்மக்களிடம் எந்த நன்மையும் எதிர்பார்ப்பதற்கில்லை என்று அன்றே முடிவு செய்து, ஊர் திரும்பவும் எண்ணுகிறார்.

‘அன்லீ’ என்று அவர் குறிக்கும் தானியம் சிறுதானிய வகை. சாஹில் நிலத்தின் தலையாய சிறுதானியம் கம்பு. தமிழ் வாசகர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கம்புப் பயிர் முதன்முதலாகப் பயிரிடப்பட்டதே மேற்கு ஆப்பிரிக்காவின் சாஹில் நிலப்பகுதியில்தான். இன்றைய மாலியின் வடபுலத்தில் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டுக்குரிய தடயங்கள் கிடைத்துள்ளன. அங்கிருந்து அது இந்தியாவை அடைந்தது. கோடையில் நாம் மோர் ஊற்றிக் கரைத்துக் குடிக்கும் கம்பங்கூழின் தாயகம் அந்த மண்ணே. நைஜீரியாவின் ஹவுஸா மக்கள் கம்பு உருண்டையைப் புளித்த பாலில் கரைத்து அருந்தும் ‘ஃபுரா த நோனோ’ இன்றும் வழிப்போக்கரின் பசி தீர்க்கிறது. பாலைவனத்தை இரண்டு மாதங்கள் கடந்து வந்தவனின் உலர்ந்த வயிற்றுக்குத் தேன் கலந்த தயிர்க்கூழைவிட உகந்தது எது? அந்த அதிகாரி அற்பமானதைத் தரவில்லை. வந்தவரின் நிலை அறிந்து தந்தார் என்று கொள்வதே பொருத்தம்.

நம் பள்ளிவாசல்களில் ரமளான் மாதத்தில் அண்டாவில் காய்ச்சி ஊற்றும் நோன்புக் கஞ்சியை அயல்நாட்டார் ஒருவர் பார்த்து, இதற்காகவா இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று கேட்டால் நமக்கு எப்படியிருக்கும்?

நூலின் நடை இங்கே நமக்கு ஒரு சான்று தருகிறது. அரபு வினைச்சொல்லில் எழுவாய் உள்ளடங்கியிருக்கும் என்பதை நாம் அறிவோம். மொகதிஷுவில் உணவு வைக்கப்பட்டதும் அவர் எழுதும் வினை ‘அகல்னா’, நாங்கள் உண்டோம். வலாத்தாவில் வந்திருந்தோர் குடித்துவிட்டுக் கலைந்தனர் என்று படர்க்கையில் எழுதுகிறார். தாம் குடித்தாரா என்று சொல்வதில்லை. மாலித் தலைநகரில் ரொட்டி வந்தபோது எழுதும் வினை ‘ளஹிக்து’, நான் சிரித்தேன். தன்மைப் பன்மையில் தொடங்கிய விருந்தாளி, படர்க்கைக்கு விலகி, தன்மை ஒருமையில் தனித்து நிற்கிறார். மூன்று வினைகளுக்குள் ஒரு மனிதரின் மாற்றம் பதிவாகியுள்ளது. அவர் இதை எண்ணி எழுதியிருக்கமாட்டார். அதனாலேயே இச்சான்று வலுவானது.

கோதுமையின் விலை

சிரிப்புக்குரியதாக அவர் கண்ட மூன்று ரொட்டிகளுக்கு வருவோம். மாலிக்குச் செல்லும் வழியில் பயணிகள் உணவோ காசோ சுமப்பதில்லை என்றும், உப்புத் துண்டும் கண்ணாடி மணியும் கிராம்பு முதலிய வாசனைப் பொருளும் கொண்டு செல்வார்கள் என்றும் அவரே எழுதியுள்ளார். ஊரை அடைந்ததும் பெண்கள் தானியம், பால், கோழி, இலந்தை மாவு, அரிசி, கடுகளவு சிறுத்த ‘ஃபூனீ’ தானியம், பயற்று மாவு ஆகியவற்றைக் கொண்டுவருவார்கள்; வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். நிலத்துக்கடியிலிருந்து தோண்டி வறுத்துண்ணும் பருப்பு ஒன்று வறுத்த கொண்டைக்கடலையின் சுவையுடையது என்கிறார். ‘கர்த்தி’ மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் சமையலுக்கும் விளக்குக்கும் உடலில் பூசவும் சுவர் மெழுகவும் பயன்படுவதை விவரிக்கிறார். ஷியா வெண்ணெய் என்று இன்று உலகச் சந்தையில் விற்கப்படுவது அதுவே. இவ்வழிநடைப் பக்கங்களில் மொகதிஷுவின் கூர்ந்த பார்வை மீண்டும் ஒளிர்கிறது. பெயர் அறியப்படாத அப்பெண்களே மேற்கு ஆப்பிரிக்க வீட்டுச் சமையலை நமக்கு அறிமுகம் செய்த ஆசிரியைகள்.

இத்தனை பொருட்களுள் கோதுமை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாலியிலிருந்து திரும்பும் வழியில் தகத்தா என்னும் ஊரில் நிலவிய விலையையும் அவர் குறித்துள்ளார். ஒரு மித்கால் பொன்னுக்கு அவ்வூர் அளவில் சோளம் 90 முத்து. கோதுமை 20 முத்து மட்டுமே. அதாவது கோதுமை நான்கரை மடங்கு விலையுயர்ந்தது. மன்னர் அனுப்பிய ரொட்டி எந்தத் தானியத்தால் ஆனது என்று நூல் கூறவில்லை. கோதுமை ரொட்டியாயின், தம் மண்ணில் அரிதாகக் கிடைப்பதை, ரொட்டி உண்டு வளர்ந்த மஃரிப் நாட்டு விருந்தாளிக்காகத் தேடி அனுப்பினார்கள் என்று பொருள். உள்ளூர்த் தானியமாயினும், சோறும் கூழும் உண்ணும் ஊரில் வடிவத்தையேனும் அவருக்காக மாற்றினார்கள் என்று ஆகிறது.

ரொட்டியின் அருமை அவருக்குத் தெரியாததன்று. மாலத்தீவு, இலங்கை, மஅபர், மலபார் ஆகிய நாடுகளில் மூன்று ஆண்டுகள் சோற்றைத் தவிர வேறெதுவும் உண்ணாமல், கடைசியில் தண்ணீர் ஊற்றித்தான் அதை விழுங்க முடிந்தது என்று இதே நூலில் குறைப்பட்டுக்கொள்பவர் அவர். மஅபர் என்பது நம் தமிழகக் கரைதான். மதுரை சுல்தானகத்தின் விருந்தாளியாக நம் சோற்றை உண்டு ரொட்டிக்கு ஏங்கியவர், அந்த ரொட்டி ஆப்பிரிக்காவில் தம் கைக்கு வந்தபோது சிரித்தார்.

சிரிப்பின் காரணங்கள்

இத்தகைய பயணி ஏன் இப்படிச் சறுக்கினார்? ஒரு காரணம் உடல்நலம். தலைநகரை அடைந்த பத்தாம் நாள், சேம்பையொத்த கிழங்கால் கிண்டிய களியை அவரும் உடனிருந்தோருமாக அறுவர் உண்டனர். எல்லா உணவிலும் மேலானதாக அவ்வூரார் மதிக்கும் களி அது. அறுவரும் நோயுற்றனர்; ஒருவர் இறந்தார். நூலாசிரியர் சுப்ஹு தொழுகையிலேயே மயங்கி விழுந்தார். இரண்டு மாதங்கள் நோயில் கழிந்தன. அத்தகைய வயிற்றுக்கு எந்த உணவும் பகையாகத் தோன்றுவது இயல்பு.

இரண்டாவது காரணம் டில்லி. முஹம்மத் இப்னு துக்ளக் அவரைக் காழியாக நியமித்து ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியம் அளித்தார். அரசரின் அன்பளிப்பு என்றாலே பட்டும் பொன்னும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. மன்னரின் சகோதரரான மன்ஸா மூஸா 1324 இல் ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் கெய்ரோவில் வாரி வழங்கிய பொன்னின் புகழும் அந்த எதிர்பார்ப்பை வளர்த்திருக்கும். மூஸா ஒரே நாளில் அஸ்ஸாஹிலீ என்னும் கவிஞருக்கு 4,000 மித்கால் வழங்கியதாக இந்நூலே கூறுகிறது.

மூன்றாவது காரணம் நூல் உருவான சூழல். ஃபாஸ் நகரில் மரீனிய சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, இப்னு ஜுஸையின் கைவண்ணத்தில், 1355 இன் இறுதியில் வாய்மொழி நூலானது. தம் சுல்தானின் வள்ளன்மையை ஒளிரச் செய்ய வேற்று மன்னரின் கருமித்தனம் தக்க பின்புலம்.

நியாயம் கருதி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சுலைமான் கருமி என்பதற்காக அவருடைய குடிமக்களே அவரை வெறுத்தனர் என்று நூல் கூறுகிறது. ரமளான் தொடக்கத்தில் அவையில் எழுந்து, நான்கு மாதங்களாகியும் என்னை உபசரிக்கவில்லையே, உம்மைப் பற்றிப் பிற மன்னர்களிடம் என்ன சொல்வேன் என்று பயணி முறையிட்டபின்னரே இல்லமும் படியும் கிடைத்தன. புறப்படும்போது 100 மித்கால் பொன் கிடைத்தது. அரசரைக் கருமி என்றது விமர்சனம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. அம்மக்களின் நீதியையும், வழிப்பறியற்ற பாதுகாப்பையும், ஜுமுஆவுக்கு முந்திச் செல்லாவிடில் இடம் கிடைக்காத தொழுகைப் பற்றையும், பிள்ளைகளைக் குர்ஆன் மனனம் செய்விப்பதில் அவர்கள் காட்டிய கண்டிப்பையும் மனமாரப் புகழ்ந்தவரும் அவரே. ஆனால் ரொட்டியைக் கண்டு ஒரு மக்கள் கூட்டத்தின் அறிவையே எடைபோட்டது வேறு வகையைச் சார்ந்தது. உடும்பை ஒதுக்கிய நபிமொழி வகுத்த எல்லையை அச்சிரிப்பு கடந்துவிட்டது.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு வேறுபாடு உண்டு. மொகதிஷுவில் உணவு பொது இல்லத்திற்கு வந்தது. மாணவரோடு மாணவராக அமர்ந்து உண்டார். மாலியில் அது தனியொருவரின் வாசலுக்கு வந்தது. தட்டைச் சுற்றிப் பலர் அமரும்போது கண் அடுத்தவரின் கையைப் பார்க்கிறது. தட்டு தனக்கென்று மட்டும் வரும்போது கண் தன் தகுதியைப் பார்க்கிறது. பசியோடு பலருடன் அமர்ந்தவருக்கு அது உணவு. தனித்து நின்று பெற்றவருக்கு அது மதிப்பெண்.

பாரிஸின் பொதுச் சமையற்கூடம்

இது பழங்கதை அன்று. 1960-கள் முதல் மாலியின் மேற்கிலுள்ள காயெஸ் வட்டாரத்திலிருந்து சோனின்கே முஸ்லிம்கள் பெருந்தொகையினராகப் பிரான்சுக்குக் கூலி வேலைக்குச் சென்றனர். அவர்கள் தங்கிய ‘ஃபுவாயே’ எனப்படும் தொழிலாளர் விடுதிகளில் பொதுச் சமையற்கூடங்கள் உருவாயின. ஆப்பிரிக்கப் பெண்கள் பெரும் பானைகளில் சோறும் கடலைக் குழம்பும் மீனும் சமைத்து மிகக் குறைந்த விலைக்குப் பரிமாறினர். நிலக்கடலையும் தக்காளியும் இப்னு பதூதாவின் காலத்துக்குப் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. குழம்பின் நிறம் மாறியது, பந்தியின் ஒழுங்கு மாறவில்லை. விடுதியில் வசிப்போர் மட்டுமன்றி, வேலையற்றோரும் ஆவணமற்றோரும் அக்கம்பக்கத்து ஏழைகளும் அங்கே வந்து உண்டனர். பிழைப்புத் தேடி வந்தோர் தமக்குத்தாமே அமைத்துக்கொண்ட ‘தாருத் தலபா’ என்று இதனைக் கூறலாம்.

1996 இல் வெளியான பிரெஞ்சு நாடாளுமன்ற அறிக்கை ஒன்று இவ்விடுதிகளைக் கடுமையாகச் சாடியது. 1997 முதல் அவற்றைத் தனித்தனிச் சிற்றறைகள் கொண்ட குடியிருப்புகளாக மாற்றும் திட்டம் தொடங்கியது. நெரிசலும் சிதைவும் மெய்யானவை. பாதுகாப்பான அறை வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் புதிய கட்டடங்கள் பலவற்றில் பொதுச் சமையற்கூடத்துக்கு இடமில்லாமற்போயிற்று. ஒவ்வொரு அறைக்கும் ஓர் அடுப்பு. இதை எதிர்த்து விடுதிவாசிகள் குரல் எழுப்பினர். அறையை மட்டும் அளந்த திட்டத்தின் கணக்கில் பந்தி வரவில்லை. மன்னர் அனுப்பியதை எடையால் மட்டும் அளந்த பயணியின் கணக்கும் இதுவே.

இதற்கு எதிர்த்திசையிலும் உலகம் ஓர் அடி வைத்துள்ளது. செனகலின் மீன்சோறான ‘செபு ஜென்’ 2021 இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதைப் பெருந்தட்டு ஒன்றில் வைத்துச் சுற்றி அமர்ந்து உண்பார்கள். நடுவிலுள்ள மீனையும் காயையும் இல்லத்தரசி பிட்டு ஒவ்வொருவர் முன்பாகவும், விருந்தாளியின் முன்பாகச் சற்றுக் கூடுதலாகவும் தள்ளி வைப்பார். அவரவர் தம் முன்னுள்ளதையே உண்பர். தட்டில் கையை அலையவிட்ட சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமாவுக்கு (ரலி) நாயகம் அவர்கள் கற்பித்த ஒழுக்கம் அங்கே அன்றாட நடைமுறையாக உள்ளது.

நமக்கு எஞ்சும் கேள்வி

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் ஒரே சஹனைச் சூழ்ந்து அமர்ந்து உண்ணும் வழக்கம் நமக்கும் உரியது. இலங்கை முஸ்லிம்கள் அதைச் சவான் என்பர். மண்டபத் திருமணங்களில் தனித்தட்டும் நின்றுகொண்டே உண்ணும் ஏற்பாடும் பெருகிவருவதைக் காண்கிறோம். தூய்மை, வசதி என்று காரணம் கூறப்படுகிறது. அவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் யாருடன் ஒரே தட்டில் கை வைக்க நமக்கு மனம் வரும், யாருடன் வராது என்பதைச் சஹன் வெளிப்படுத்திவிடும். தனித்தட்டு அதை மறைத்துவிடும். ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பியோர் ஆப்பிரிக்க ஹாஜிகளின் உணவையும் உண்ணும் முறையையும் பற்றி நகைத்துப் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். மினாவில் அருகருகே அமர்ந்தும் ‘அகல்னா’ என்று சொல்ல முடியாமல் ‘ளஹிக்து’ என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் அவர்கள். அச்சிரிப்பை அவர்களுக்குக் கற்பித்ததில் என் போன்ற ஆசிரியர்களின் பிற்பகல் வகுப்புகளுக்கும் பங்குண்டு.

இப்னு பதூதாவை நம் பாடத்திட்டத்திலிருந்து அகற்ற வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தம் சிரிப்பையே மறைக்காமல் எழுதிவைத்த நேர்மையால்தான் அவரை இன்று நாம் கேள்வி கேட்க முடிகிறது. இரு பகுதிகளையும் சேர்த்து நடத்துவதே முறை: முதல் நாள் மொகதிஷுவின் மரத் தட்டு, மறுநாள் மாலியின் மூன்று ரொட்டி.

அந்த மாணவர் இப்போது ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் இமாமாகப் பணியாற்றுகிறார். அவருக்கும் மஹல்லா வீடுகளிலிருந்து முறைவைத்து உணவு வருகிறது என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் கறிச்சோறும் ஒரு நாள் ரசமும் துவையலுமாக வருமாம். கொண்டுவரும் பிள்ளையையும் உடன் அமர்த்திக்கொண்டே உண்பாராம். அவர் அன்று கேட்ட கேள்விக்கு விடை என்னிடம் இருந்ததைவிட அவரிடமே தெளிவாக இருக்கிறது.